மூடிக்கு அடியில் ஒரு கட்டை

எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவனுக்குப் பட்டப்பெயர் வைக்க யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். ஸ்பேனர், வால்வு, டார்ச். அவன் கையில் எப்போதும் அளவு நாடா இருந்தது. முனையில் பித்தளைக் குண்டு தொங்கும் எஃகு நாடா, சுற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி. அதனால் அவன் நாடா. ஆபீஸில் இருப்பவர்களிடம் அவனுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் புதிதாக யாரோ சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

அவன் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய் பெரிய இரும்புத் தொட்டிகளில் வந்து நிறையும். தொட்டியைச் சுற்றி ஏறும் படிகளில் மேலே போக வேண்டும். உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மூடி. கொக்கியை நெம்பி அதைத் திறந்து, நாடாவை உள்ளே விட்டு, குண்டு அடியில் தட்டியதும் சுற்றி எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு அடுத்த தொட்டி. வெயிலில் செய்தாலும் மழையில் செய்தாலும் அதே வேலை.

எண்ணெய் தனியாக வருவதில்லை. சோடா பாட்டிலுக்குள் இருக்கிற மாதிரி அதற்குள் வாயு ஒளிந்திருக்கும். தொட்டிக்கு வந்து ஆற அமர உட்கார்ந்ததும் பிரிந்து மேலேறி, மூடிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். கொக்கியை நெம்பியதும் அது முகத்தில் அடிக்கும். வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: காற்றுக்கு முதுகைக் கொடு, முகத்தைத் திருப்பிக்கொள், மூச்சை அடக்கு. காற்றே இல்லாத நாளில் முதுகை எதற்குக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நாடாவின் அண்ணனும் இதே வேலைதான் பார்த்தான். இருவரும் முறை மாற்றிப் போவார்கள். ஒருவன் இறங்கும்போது இன்னொருவன் ஏறுவான். இலை அசையாத ஒரு நாள், நாடா அளந்து முடித்து, விதிப்படி மூடியை அழுத்திக் கொக்கியைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் ஏறினான். நெடுநேரம் இறங்கவில்லை. போய்ப் பார்த்தபோது கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, ஓய்வெடுக்கிற மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அளவு நாடா இன்னும் தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பிதான் அதைச் சுற்றி எடுத்தான். எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கவும் செய்தான். ஏன் பார்த்தான் என்று அவனுக்குத் தெரியாது. கை தன்பாட்டுக்குப் பார்த்தது.

நெஞ்சு வலி என்று முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நாடாவுக்கு எல்லாமே ஒரு தடித்த கையுறை வழியாகத் தொடுகிற மாதிரிதான். அழவில்லை. குடிக்கவில்லை. யாரோடும் சண்டை போடவில்லை. வந்தவர்கள் இவனைப் பார்த்து, எவ்வளவு தைரியம் என்றார்கள். இவன் தலையாட்டினான். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வழியில் கிடந்த பழைய பெட்டிப் பலகையில் ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் செதுக்கினான். ஒரு முனை தடிமன், மறுமுனை கூர். அளந்து முடித்ததும் மூடியைப் பூட்டாமல் அதற்கு அடியில் அந்தக் கட்டையைச் செருகிவிட்டு இறங்கினான். இரண்டு விரல் இடைவெளி. அடைந்து நிற்கிற வாயு அடுத்தவன் வருவதற்குள் தானாகப் போய்விடும். ஏறி வருகிறவன் முகத்தில் எதுவும் அடிக்காது.

யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நாளில் எல்லாத் தொட்டியிலும் கட்டை வந்துவிட்டது. போகிறவன் வருகிறவனுக்குச் செய்கிற மரியாதை என்று ஆனது. கட்டை வைக்காமல் இறங்கியவனோடு மற்றவர்கள் ஒரு வாரம் பேச மாட்டார்கள். தொட்டியின் பக்கவாட்டில் ‘மூடியைப் பூட்டி வைக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதன்மேல்தான் ஈர மழைக்கோட்டுகளைக் காயப்போட்டார்கள்.

அண்ணன் இடத்துக்கு வந்தவன் நாடாவின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வாய் நீளம், வேலையில் சுத்தம். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, முறை மாறும் நேரத்துக்குச் சரியாக மனைவி நாடாவுக்குப் போன் செய்வாள்.

“கட்டை வச்சீங்களா?”

“வச்சேன்.”

வேறு எதுவும் பேச மாட்டாள். வைத்துவிடுவாள். வருடக்கணக்கில் அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இதுதான்.

பிறகு ஒரு நாள் கேமராப் பெண் வந்தாள். எங்கெல்லாம் வாயு வீணாகிறது என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் கனமான கேமரா, தலையில் பெரிய ஹெல்மெட், வாயில் எப்போதும் ஏதாவது மிட்டாய். தூரத்தில் நின்று தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நாடாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு நிமிஷம். இதுல கண்ண வச்சுப் பாருங்க.”

பார்த்தான். வானம் கறுப்பாக இருந்தது, தொட்டி வெளுத்திருந்தது. மூடியின் இடுக்கிலிருந்து புகை குபுகுபுவென்று எழுந்து, புரண்டு, பக்கவாட்டில் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணை எடுத்தான். வெறும் வானம். ஒரு காகம். மறுபடி கண்ணை வைத்தான். புகை.

“தீப்பிடிச்சிருக்கா?”

“பிடிச்சாக்கூடத் தேவலை. இது எரியாமப் போகுது, மீத்தேன். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, இந்தக் கேமராவுக்குத்தான் தெரியும். வீட்டு சிலிண்டர்ல ஒரு நாத்தம் வருமே, அதுகூட நமக்குத் தெரியணும்னு சேர்க்கிறதுதான்.”

தொட்டிகளுக்கு அப்பால், மிஞ்சிய வாயுவை எரிக்கும் உயரமான குழாயின் நுனியில் எப்போதும் எரிகிற தீ எரிந்துகொண்டிருந்தது. நாடா அதைக் காட்டினான். “ஊர்ல எல்லாரும் அதத்தான் திட்டுறாங்க.”

“கண்ணுக்குத் தெரியுதுல்ல, திட்டுறாங்க. அதுவும் வீண்தான், இல்லைங்கல. ஆனா எரிஞ்சு போறதவிட இப்படி எரியாமப் போறது பல மடங்கு மோசம். மேல போய்ப் போர்வை மாதிரி மூடிக்கும். ஏற்கனவே வேகுது, இன்னும் வேகும்.” மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கம் தள்ளினாள். “இந்த மூடி எப்பலேர்ந்து திறந்திருக்கு?”

“காத்துல திறந்துக்கும்.”

அவள் கேமராவை அடுத்த தொட்டிக்குத் திருப்பினாள். அதற்கு அடுத்ததற்கும். எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். “எல்லா மூடியும் ஒரே காத்துலயா, அண்ணே?”

நாடா தன் பூட்ஸைப் பார்த்தான். அவள் திரும்பக் கேட்கவில்லை. படியேறிப் போனாள். இவனும் பின்னாலேயே போனான். மேலே அவள் கட்டையை உருவி எடுத்து, புரட்டிப் பார்த்தாள். விரல்கள் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது.

“நல்லாத்தான் செதுக்கியிருக்கீங்க.”

“அத எடுத்துட்டா அடுத்து வர்றவனுக்கு மூஞ்சில அடிக்கும்.”

“யாருக்காவது அடிச்சிருக்கா?”

“எங்க அண்ணனுக்கு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“இல்ல.”

அவள் மிட்டாயை மெல்லுவதை நிறுத்தினாள். கட்டையை அவனிடமே கொடுத்தாள். “மூடியப் பூட்டுங்கன்னு மட்டும் எழுதிட்டுப் போனா நான் போன மறுநாளே நீங்க மறுபடி வைப்பீங்க. வேற வழியும் சேர்த்துத்தான் எழுதணும்” என்றாள். சொன்னபடி எழுதினாள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் பெரிய பொறியாளர் எல்லோரையும் கொட்டகையில் கூட்டி நிற்க வைத்தார்.

“யாரு கட்டை வச்சது?”

மச்சான்தான் பின்வரிசையிலிருந்து சொன்னான். “யாரு வைக்கலன்னு கேளுங்க சார். சீக்கிரம் முடிஞ்சிரும்.”

பொறியாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். திறந்திருக்கிற ஒவ்வொரு மூடிக்கும் இனி அபராதம், போகிற வாயுவைப் பிடித்தால் விற்கலாம், அதனால் ஒரு மெஷின் வருகிறது, வந்த பிறகு எவனாவது கட்டை வைத்தால் வேலை போய்விடும் என்று சொன்னார். வெளியே வரும்போது மச்சான் முணுமுணுத்தான். “ஆளு செத்தப்ப வராத மெஷினு அபராதம்னதும் வருது பாருங்க மாமா.”

“சும்மா வா.”

மெஷின் லாரியில் வந்தது. நாடா அதைப் பெரிதாக எதிர்பார்த்திருந்தான், ஒரு கட்டடம் அளவுக்கு. இறக்கி வைத்தபோது ஒரு பீரோ உயரம்தான் இருந்தது. மாட்ட வந்த மெக்கானிக் பிஸ்கட் தின்றுகொண்டே குழாய்களை இணைத்தான்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டான் நாடா.

“இவ்வளவுதான். உள்ள ஒரு மோட்டார், ஒரு பம்பு. மூடிக்கடியில நிக்கிற கேஸ உறிஞ்சி, அந்தா அந்தப் பெரிய குழாய்ல தள்ளிவிடும். அது பாட்டுக்கு எங்கயோ யாரு வீட்டு அடுப்புக்கோ போகும். நீங்க மேல போய்த் திறக்கறதுக்கு முந்தி இந்தக் கைப்பிடியத் திருப்பி நிறுத்துங்க. அளந்ததும் பூட்டிட்டுத் திரும்ப ஓடவிடுங்க. மூஞ்சில ஒன்னும் அடிக்காது.”

“புதுசாக் கண்டுபிடிச்சதா?”

“இதுவா?” மெக்கானிக் பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டான். “எங்கப்பா மாட்டியிருக்காருங்க. நான் அப்ப ஸ்கூலு.”

நாடா ‘ஓ’ என்றான். கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். அது சுலபமாகத் திரும்பியது.

மெஷின் ஓடத் தொடங்கிச் சில நாளிலேயே சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோனது. மெக்கானிக் திரும்ப வந்தான். வால்வை எல்லாம் பார்த்தான், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் தொட்டிமேல் ஏறினான். இறங்கும்போது கையில் ஒரு கட்டை இருந்தது.

“எந்தப் புண்ணியவான் வச்சது?”

மச்சான் வேறு பக்கம் பார்த்தான். அவன் முறை முடிந்து நாடாவின் முறை வர இருந்த நேரம் அது. மாமாவுக்காக வைத்தது.

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்திருந்தது. “இங்க பாருங்கய்யா. இது உறிஞ்சுற மெஷின். மூடி திறந்திருந்தா கேஸோட சேர்த்துக் காத்தையும் உள்ள இழுக்கும். ரெண்டும் கலந்து நின்னுச்சுன்னா ஒரு பொறி போதும். இந்த விளக்கு எரிஞ்சு நின்னதால பொழைச்சீங்க. இல்லாட்டி தொட்டி, மெஷினு, கொட்டகை, நீங்க, எல்லாம் கூண்டோட போயிருப்பீங்க.”

“முன்னாடி கட்டை வைக்காட்டி ஒருத்தன் போவான்” என்றான் மச்சான். “இப்ப வச்சா எல்லாரும் போவோம்ங்கறீங்க.”

“அப்படித்தான்.”

“நல்ல முன்னேற்றம்.”

மெக்கானிக் கட்டையை நாடாவின் கையில் திணித்துவிட்டு லாரி ஏறினான்.

மறுநாள் பகல் முறை நாடாவுக்கு. அதற்கடுத்து மச்சான். சாயங்காலம் கடைசித் தொட்டியை அளந்து முடித்தான். மூடியைச் சாத்தினான். கொக்கியின்மேல் கை வைத்தான். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை அழுத்தவில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு யாருடையதோ போல அது கொக்கியின்மேல் கிடந்தது. அண்ணன் ஏறிய நாளில் அது யோசிக்காமல் அழுத்தியது, ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, நாடா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினான். என்ன பாட்டு என்பது இப்போது ஞாபகமில்லை. இன்றும் காற்றில்லை. எரிகிற குழாயின் நுனியில் தீ நிமிர்ந்து நின்றது.

சட்டைப் பையில் கட்டை இருந்தது.

கீழே இறங்கி, போன் பேச அனுமதித்திருந்த இடத்துக்குப் போனதும் மணி அடித்தது. எடுத்தான்.

“கட்டை வச்சீங்களா?”

“இல்ல.”

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. “அப்புறம்?”

“பூட்டணும்.”

“என் தம்பி வர்றான்.”

“தெரியும்.”

“அன்னிக்கும் பூட்டிட்டுத்தான்…” அவள் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் முழுதாகச் சொல்லவில்லை.

“ஆமா” என்றான்.

“அவன் தனியா ஏறக் கூடாது. அவ்வளவுதான் சொல்வேன்.” வைத்துவிட்டாள்.

நாடா மறுபடி மேலே போனான். இந்த முறை கையைப் பார்க்காமல் முழங்கையால் அழுத்தினான். ‘டக்’ என்றது. இறங்கி வந்து கைப்பிடியைத் திருப்பினான். மெஷின் உறுமத் தொடங்கியது.

மச்சான் சைக்கிளைச் சாத்தும்போதே கேட்டான். “பூட்டிட்டீங்களா?”

“பூட்டிட்டேன்.”

“அப்ப நான் ஏறல.”

“மெஷின் ஓடுது.”

“ஓடும். நேத்து நின்னுச்சு, இன்னிக்கு ஓடும். நாளைக்கு ஓடுற மாதிரி சத்தம் மட்டும் வரும். எங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“நீ தனியா ஏறக் கூடாதாம்.”

“அப்ப சரி, நான் ஏறலன்னு ஆபீஸ்ல சொல்லுங்க. வேலைய விட்டுத் தூக்கட்டும். வீட்டோட இருந்து உங்க சோத்தத் தின்னுட்டுப் போறேன்.”

“இப்ப மட்டும் யாரு சோத்தத் திங்கற?”

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அதன் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். வாய்தான் தைரியசாலி என்பது நாடாவுக்குத் தெரியும்.

“நான் திறக்கறேன்” என்றான் நாடா. “நீ கீழயே நில்லு.”

“இப்பத்தான் பூட்டியிருக்கீங்க. இப்பத் திறந்தா என்ன இருக்கும்? ஒன்னும் இருக்காது. அது கணக்கில்ல.”

நியாயமான பேச்சு. இருவரும் காத்திருந்தார்கள். எண்ணெய் வரும் குழாய் தொட்டிப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது. மச்சான் பிளாஸ்க்கைத் திறந்து டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். மச்சானின் மகள் பல் விழுந்ததை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மச்சான் சொன்னான். எங்கே என்று நாடா கேட்டான். தெரியவில்லை என்றான். டீ ஆறியது. பழைய நாளாக இருந்தால், இவ்வளவு நேரத்துக்குள் மூடிக்கு அடியில் ஒரு ஆளைச் சாய்க்கிற அளவுக்குச் சேர்ந்திருக்கும்.

நாடா எழுந்தான். கைப்பிடியைத் திருப்பி மெஷினை நிறுத்தினான். அது நின்றதும் இடம் முழுவதும் திடீரென்று அமைதியானது. படியேறினான். மேலே, அண்ணன் சாய்ந்திருந்த கம்பியைத் தாண்டி மூடிக்கு முன்னால் போய் நின்றான். அளவு நாடா இடது கையில், நெம்புவதற்கு வலது கை. முதுகைக் கொடுக்கக் காற்றில்லை. முகத்தைத் திருப்பவில்லை. மூச்சை அடக்கவும் மறந்துவிட்டான், அல்லது அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கொக்கியை நெம்பினான்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவன் விடுகிற மூச்சு அளவுக்கு ஒன்று வந்தது. அதோடு சரி. மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டில் எண்ணெய் அசையாமல் இருந்தது. அவன் முகம் அதற்கு நேர்மேலே இருந்தது.

“மாமா?” கீழேயிருந்து மச்சான் கூப்பிட்டான். “மாமா.”

“ம்.”

“அடிச்சுதா?”

“இல்ல.”

அளவு நாடாவை உள்ளே விட்டான். குண்டு அடியில் தட்டியது. சுற்றி எடுத்து அளவைச் சத்தமாகச் சொன்னான். துணியால் துடைத்தான். மூடியைச் சாத்திக் கொக்கியை அழுத்தினான். இந்த முறை கை தன்பாட்டுக்கு அழுத்தியது. ஏதாவது வரும் என்று சிறிது நேரம் நின்று பார்த்தான். ஆத்திரமோ, அழுகையோ, அப்பாடா என்ற ஒரு நிம்மதியோ. கால் வலித்தது. இறங்கினான்.

மச்சான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். “அடுத்தது நான் ஏறுறேன்” என்றான். “கீழ நில்லுங்க, போயிடாதீங்க.” ஏறினான், திறந்தான், அளந்தான், பூட்டினான். மேலிருந்தே கத்தினான். “மாமா, இதுக்கா இத்தன வருஷம் பயந்தோம்?” சொன்ன பிறகு அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். இறங்கி வந்து மெஷினை ஓடவிட்டு, நாடாவின் தோளைத் தொட்டான். நாடா சைக்கிளை எடுத்தான்.

வீட்டில் மனைவி வாசலில் நின்றாள்.

“தம்பி?”

“ஏறி இறங்கிட்டான். ஒன்னும் இல்ல.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

முன்னறையில் அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போனதிலிருந்து அவள் இந்த வீட்டில்தான். அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவள் தைப்பதுதான். நாடா சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்து ஜன்னல் மேல் வைத்தான். அண்ணி அதைப் பார்த்தாள்.

“இனி வேண்டாமா தம்பி?”

“வேண்டாம் அண்ணி. மெஷின் வந்துருச்சு.”

“எல்லாரும் பேசிக்கிட்டாங்க.” ஊசியில் நூலைக் கோத்தாள். ஒருமுறை தப்பியது, மறுமுறை கோத்துவிட்டாள். “எவ்வளவு பெருசு இருக்கும்?”

நாடா சுற்றிப் பார்த்தான். சுவரோரம் பீரோ இருந்தது. அண்ணனின் சட்டைகள் இன்னும் அதற்குள்தான் இருந்தன. “இந்த பீரோ அளவுதான்” என்றான்.

அண்ணி பீரோவைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை, துணி அளக்கிற மாதிரி பார்த்தாள்.

“இவ்வளவுதானா?”

“ம்.”

“அப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சாம்.”

அவள் தலையாட்டினாள். சட்டைத் துணியை ஊசிக்கு அடியில் சரியாக வைத்தாள். நாடா நின்றுகொண்டிருந்தான். அவள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றான்.

“கை கால் கழுவிட்டு வாங்க தம்பி” என்றாள் அண்ணி. “எண்ணெய் வாடை அடிக்குது.”

மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.